பத்து சதவீதம்

மின்னூல் விலையைப் பற்றி வாசகரிடம் ஒரு கணக்கு சொன்னேன். எழுத்தாளரிடம் வேறொரு கணக்கு சொன்னேன். சிறு பதிப்பகம் நடத்துகிற எனக்கு, இரண்டையும் அருகருகே வைத்தால் ஒத்துவராது என்று நன்றாகத் தெரியும். அப்படி வைத்துப் பார்க்க யாருக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. எழுத்தாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் பல ஆண்டுகளாக என் பதிப்பகத்தின் வங்கிக் கணக்கில் தங்கிவிட்டது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வாசகரிடமிருந்து தொடங்குகிறேன். சென்னைப் புத்தகக் காட்சியில் கடை போடுகிற எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். "அச்சுப் புத்தகம் 250 ரூபாய், சரி சார். கிண்டில்ல 150 போட்டிருக்கீங்களே, அதுல பேப்பர் ஏது, பைண்டிங் ஏது, லாரி வாடகை ஏது?" கேட்பவர் வீண் பேச்சுக்காரர் இல்லை. பெரும்பாலும் கையில் இரண்டு பை நிறையப் புத்தகம் வைத்திருப்பார். நேர்மையான பதில் பெறத் தகுதியுள்ளவர்.

அவருக்கென்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். 2010 பிப்ரவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கணக்கு வந்தது. 26 டாலர் விலையுள்ள கெட்டி அட்டைப் புத்தகத்தில் பதிப்பாளர் கைக்கு வருவது 13 டாலர். மீதி 13 விற்பனையாளருக்கு. பதிப்பாளரின் 13 டாலரில் அச்சு, கிடங்கு, போக்குவரத்து, திரும்பி வரும் பிரதிகள் எல்லாம் சேர்த்துச் செலவு 3.25 டாலர். அட்டை வடிவமைப்பு, எழுத்துக்கோப்பு, செம்மையாக்கம் 80 சென்ட். விளம்பரம் ஒரு டாலர். எழுத்தாளருக்கு 3.90. இதெல்லாம் போக 4.05 டாலர் பதிப்பாளருக்கு மிஞ்சும். அதிலிருந்துதான் அலுவலக வாடகையும் சம்பளமும் மற்றச் செலவுகளும்.

இதில் எனக்குத் தேவைப்பட்டது 3.25 என்ற ஒரே ஓர் எண்தான். 26 டாலரில் அது எட்டில் ஒரு பங்கு. "காகிதமும் அச்சும் இல்லாமப் போனாலும் விலையில எட்டுல ஒரு பங்குதான் சார் குறையும். எழுதினவர், திருத்தினவர், அட்டை போட்டவர் எல்லாருக்கும் செலவு அப்படியேதான் இருக்கு" என்பேன். கேட்டவர் தலையாட்டிக்கொண்டு போவார். ஒரு கருத்தரங்கில் மேடையேறியும் இதையே பேசியிருக்கிறேன்.

அமெரிக்கக் கணக்கு அமெரிக்காவுக்குச் சரி. பெரிய பதிப்பகங்கள் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் இடம் அது. ஒரு பிரதிக்கான அச்சுச் செலவு அங்கே தேய்ந்துபோகும். என் பதிப்பகத்தில் முதல் பதிப்பு ஒரு காலத்தில் 1,000, பிறகு 500, இப்போது 300. பல தலைப்புகளுக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 100 பிரதிகள்தான் போடுகிறேன். டெமி அளவில் 200 பக்கம், 250 ரூபாய் விலை என்று வைத்துக்கொண்டால் காகிதம், அச்சு, பைண்டிங்குக்கு மட்டும் பிரதிக்கு 75 ரூபாய் போகிறது. விலையில் அது 30 சதவீதம். எட்டில் ஒரு பங்கு எங்கே, இது எங்கே! என் கல்லாவில் இருக்கும் கணக்கை மறைத்துவிட்டு, கடல் தாண்டிய கணக்கை எடுத்துக் காட்டி வாசகரின் வாயை அடைத்தேன். அந்த வாசகரின் சந்தேகம் தமிழ்ப் புத்தகத்தைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொண்டதைவிட நியாயமானது.

மின்னூலுக்குச் செலவே இல்லை என்றும் ஆகிவிடாது. பழைய தமிழ்ப் புத்தகத்தை மின்னூலாக்குவது எளிய வேலை இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன்பு ஒவ்வொரு டிடிபி நிலையமும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தியது. ஒன்றின் குறியீடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்ததே 2010-இல்தான். மாற்றியில் கோப்பைப் போட்டு எடுத்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும். "கொடு" என்ற சொல் நடுவில் உடைந்து கிடக்கும். அச்சில் வரி முடிவில் வெட்டிய சொற்கள் அந்த வெட்டுக்கோட்டோடு வரியின் நடுவே வந்து உட்காரும். பக்க எண்ணும் தலைப்பும் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடும். மெய்ப்புப் பார்க்கிறவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மறுபடி வாசித்தே ஆக வேண்டும். எங்களுக்காக அதைச் செய்கிற பெண்மணி பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். கூலிக்கு மேல் உழைக்கிறார். இந்தச் செலவு உண்மை. ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஒரே தடவை வருகிற செலவு. நானோ விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் அது ஏறிக்கொண்டே இருப்பதுபோலப் பேசினேன்.

வரியும் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மின்னூலுக்கு 18 சதவீதம் போட்டார்கள். அடுத்த ஆண்டு, அச்சுப் பதிப்பு உள்ள மின்னூலுக்கு மட்டும் 5 ஆகக் குறைத்தார்கள். பிரிட்டனிலும் 2020 மே மாதம்வரை அச்சுக்கு வரியில்லை, மின்னூலுக்கு 20 சதவீதம். இதை எல்லோரிடமும் சொன்னேன். சொன்னதில் தப்பில்லை.

சொல்லாமல் விட்டது என்னவென்றால், 150 ரூபாய் என்று நான் விலை வைத்ததற்கும் செலவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது. அச்சுப் பிரதி தேங்கிவிடக் கூடாது என்ற பயத்தில் வைத்த விலை அது. அரசு நூலகங்களின் கொள்முதல் ஆணை அச்சுப் புத்தகத்துக்குத்தான் வரும். கிடங்கில் கட்டுக்கட்டாகக் கிடப்பதும் கடன் வாங்கிப் போட்டதும் அச்சுப் பிரதிதான். மின்னூலை 60 ரூபாய்க்குக் கொடுத்தால் 250 ரூபாய்ப் புத்தகத்தை யார் தூக்கிச் செல்வார்கள் என்று நினைத்தேன்.

பெரிய பதிப்பகங்களும் இதற்குத்தான் பயந்தன. 2007 நவம்பரில் கிண்டிலை அறிமுகப்படுத்திய அமேசான், புதிதாக வந்த பிரபலப் புத்தகங்களின் மின்னூலை 9.99 டாலருக்கு விற்றது. பதிப்பாளருக்குக் கிட்டத்தட்ட 13 டாலர் கொடுத்து வாங்கி, நட்டத்துக்கு விற்றது. பதிப்பாளருக்கு ஒரு காசு குறையவில்லை. இருந்தும் அவர்கள் கொதித்தார்கள்: ஒரு புத்தகத்தின் மதிப்பு பத்து டாலர்தான் என்று வாசகர் மனதில் பதிந்துவிட்டால் கெட்டி அட்டைப் புத்தகம் என்ன ஆகும்? 2010-இல் ஆப்பிள் ஐபேடோடு வந்தபோது ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், மேக்மில்லன், பெங்குவின், சைமன் அண்ட் ஷூஸ்டர் ஆகிய ஐந்தும் புதிய முறைக்கு மாறின. விலையைப் பதிப்பாளரே வைப்பார், கடைக்கு 30 சதவீதம். விலை 12.99, 14.99 என்று ஏறியது. 12.99 டாலர் மின்னூலில் பதிப்பாளருக்குக் கிடைத்தது 9.09. அதாவது முன்பு வந்த 13 டாலரைவிடக் குறைவு. கையில் வரும் பணம் குறைந்தாலும் பரவாயில்லை, மின்னூல் விலை ஏற வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அமெரிக்க நீதித்துறை 2012 ஏப்ரலில் வழக்குப் போட்டது. ஐந்து பதிப்பகங்களும் விசாரணைக்கு முன்பே சமரசமாகிவிட்டன. ஆப்பிள் கூட்டுச்சதியில் ஈடுபட்டதாக 2013 ஜூலையில் நீதிபதி டெனிஸ் கோட் தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகளும் தோற்று, கடைசியில் ஆப்பிள் 45 கோடி டாலர் கட்டியது.

நான் யாரோடும் கூடிப் பேசி விலை வைக்கவில்லை. ஆனால் என்னைத் தூண்டிய காரணம் அதேதான். அதை வாசகரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். "அச்சுப் புத்தகத்தைக் காப்பாற்றத்தான் இந்த விலை வைத்திருக்கிறேன்" என்றால் சிலர் புரிந்துகொண்டிருப்பார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டும் அவர்கள் உரிமை. போதாக்குறைக்கு, மின்னூல் வாங்குகிறவருக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே என்பதையும் நான் வாய் திறந்து சொன்னதில்லை. நண்பருக்கு இரவல் தர முடியாது. பழைய புத்தகக் கடையில் போட முடியாது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து ஆர்வெல் நாவல்களை அமேசான் 2009-இல் அழித்தது; பிறகு மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களெல்லாம் மறைந்தன. பணம் மட்டும் திரும்ப வந்தது. அச்சுப் பிரதிக்குக் கிடைக்கும் உரிமைகளில் பாதிகூட இல்லாத ஒன்றுக்கு அச்சு விலையில் அறுபது சதவீதம் வாங்கினேன்.

இதுவரை சொன்னது சிறிய குற்றம்.

பெரியது எழுத்தாளர்களிடம் செய்தது. நியூயார்க் டைம்ஸ் கணக்கைப் பல இடங்களில் எடுத்துக்காட்டினேன் அல்லவா, அதன் இரண்டாம் பாதியை ஓரிடத்திலும் நான் சொன்னதில்லை. 12.99 டாலர் மின்னூலில் எழுத்தாளருக்கு 2.27-லிருந்து 3.25 டாலர்வரை கிடைக்கும் என்று அதில் இருந்தது. அச்சில் 3.90 வாங்கியவருக்கு மின்னூலில் குறைகிறது. பதிப்பாளருக்கோ அச்சில் 4.05 மிஞ்சிய இடத்தில் மின்னூலில் 4.56-லிருந்து 5.54 வரை மிஞ்சுகிறது. வாசகர் குறைவாகக் கொடுக்கிறார், எழுத்தாளர் குறைவாக வாங்குகிறார், பதிப்பாளர் மட்டும் கூடுதலாக வாங்குகிறார். இதை வாசித்தபோது எனக்கு நன்றாகவே புரிந்தது. மடித்து வைத்துக்கொண்டேன்.

என் பதிப்பகத்தில் இது இன்னும் மோசம். அதே 250 ரூபாய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் கழிவு 35 சதவீதம், 87.50. அச்சுச் செலவு 75. எழுத்தாளருக்கு விலையில் பத்து சதவீதம், 25 ரூபாய். மீதி 62.50 எனக்கு, டிடிபி, மெய்ப்பு, அட்டை, கிடங்கு, விற்காத பிரதி எல்லாம் அதற்குள். இனி 150 ரூபாய் மின்னூல். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அமேசான் தரும் 70 சதவீதம் என்ற கணக்கில் எனக்கு வருவது 105. அதில் பத்து சதவீதத்தை எழுத்தாளருக்குக் கொடுத்தேன், 10 ரூபாய் 50 காசு. மீதி 94.50 என்னுடையது. அச்சு இல்லை, கிடங்கு இல்லை, திரும்பி வரும் கட்டு இல்லை.

கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் ஓர் ஆசிரியை எங்கள் பதிப்பகத்தில் சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, பேத்தி பெங்களூர்ல போன்லயே என் புத்தகத்தைப் படிச்சேன்னு சொல்லுதா. நூத்தம்பது ரூபாயாமே. அதுல எனக்கு ஏதும் உண்டா?"

"உண்டு டீச்சர். அச்சுக்கு எப்படியோ அப்படியேதான். பத்து சதவீதம்."

"அப்ப சரி. நீங்க பாத்துக்கிடுவீங்க."

அச்சுக்கு எப்படியோ அப்படியே என்று சொன்னது பொய். அச்சில் பத்து சதவீதம் என்பது அட்டையில் போட்ட விலைக்கு. மின்னூலில் நான் கொடுத்தது என் கைக்கு வந்த தொகைக்கு. எண் ஒன்றுதான், எதன் மேல் என்பதை மாற்றிவிட்டேன். அந்த அம்மாள் கணக்கு ஆசிரியை. சொல்லியிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பார். பிடிப்பார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

இன்னொன்று, இதைவிட வெட்கக்கேடானது. இந்தியாவில் அமேசான் தரும் 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். ஒப்புக்கொண்டால் புத்தகம் கிண்டில் அன்லிமிடெட் சந்தாத் திட்டத்துக்குள் போய்விடும். அதில் விற்பனை என்று ஒன்றும் கிடையாது; சந்தாதாரர் படித்த பக்கங்களுக்கு ஏற்பப் பணம் வரும். என் எழுத்தாளர்கள் பலருக்கு விற்ற பிரதிகளைவிட இந்தப் பக்கக் கணக்கில் வந்தது அதிகம். டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்கள், தபால் செலவு புத்தக விலையைத் தாண்டுவதால், பெரும்பாலும் திரையில்தான் படிக்கிறார்கள். ஆண்டு இறுதியில் நான் அனுப்பிய ராயல்டி அறிக்கையில் "விற்ற மின்னூல் பிரதிகள்" என்று ஒரு பத்திதான் இருந்தது. படித்த பக்கங்களுக்கு வந்த தொகையை அதில் ஏற்றவே இல்லை. முதல் ஆண்டு அறிக்கையில் அதற்கு இடம் இல்லாததால் விட்டுப்போனது. அடுத்த ஆண்டு தெரிந்தே விட்டேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

மின்னூல் போடும் உரிமையே எனக்கு இருந்ததா என்பதும் ஒரு கேள்வி. பழைய ஒப்பந்தங்கள் பல ஒற்றைத் தாள் கடிதங்கள். சிலவற்றுக்கு அதுவும் இல்லை, வாய்ச்சொல். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். 18-ஆம் பிரிவில் 2012-இல் சேர்த்த விதி, உரிமை மாற்றித் தந்த காலத்தில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாக எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை செல்லாது என்கிறது. அமெரிக்காவில் 2001-லேயே இது வழக்காக வந்தது. கர்ட் வானகட் உள்ளிட்டோரின் நாவல்களை ரோசட்டா புக்ஸ் மின்னூலாக வெளியிட்டபோது ரேண்டம் ஹவுஸ் தடை கேட்டது. புத்தக வடிவில் வெளியிடும் உரிமைக்குள் மின்னூல் வராது என்று சொல்லி நீதிமன்றம் தடை தர மறுத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. புதிய ஒப்பந்தங்களில் "மின்னூல் உரிமை உட்பட" என்ற சொற்களை என் கையால்தான் சேர்த்தேன். பழையவற்றில் அது இல்லை என்று தெரியாமலா சேர்த்திருப்பேன்? பழைய எழுத்தாளர்களிடம் கேட்டால் பங்கு பற்றிப் பேச்சு வரும். அதனால் கேட்காமலே ஏற்றினேன்.

எனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் எழுதிவிடுகிறேன். தமிழ்ப் பதிப்பாளன் பணக்காரன் இல்லை. கவிதைத் தொகுப்பில் விழும் நட்டத்தை இப்படித்தான் ஈடுகட்ட முடியும். மின்னூல் பணம் மொத்தமே சிறு தொகைதானே. முதலிரண்டும் உண்மை. ஆனால் ஒரு கவிஞரின் புத்தகத்தில் விழுந்த நட்டத்தை ஓர் ஆசிரியையின் கதைகளிலிருந்து எடுத்து அடைக்க எனக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. மூன்றாவது, எனக்குச் சிறு தொகை. வருடத்துக்கு ஒருமுறை ராயல்டி என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிற எழுத்தாளருக்கு அது சிறு தொகை இல்லை.

இந்த ஆண்டு எல்லா எழுத்தாளர்களுக்கும் கடிதம் எழுதினேன். மேலே சொன்ன கணக்கை அப்படியே எழுதி, மின்னூலில் என் கைக்கு வரும் தொகையில் இனி பாதி அவர்களுக்கு என்றும், பழைய ஆண்டுகளுக்கும் அதே விகிதத்தில் நிலுவை தருகிறேன் என்றும் தெரிவித்தேன். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் வழக்கமாகத் தருவது கால் பங்கு. அங்கே எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு கேட்டுவருவது பாதி. சங்கம் கேட்பது நியாயம் என்று படுகிறது. மின்னூலாக்கச் செலவை யாருடைய பங்கிலும் பிடிக்கவில்லை. உரிமை எழுதித் தராதவர்களிடம் இப்போது கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று இருவர் சொன்னார்கள், அவர்கள் நூல்களை இறக்கிவிட்டேன். விலையையும் குறைத்திருக்கிறேன்: 250 ரூபாய்ப் புத்தகத்தின் மின்னூல் இப்போது 120. அதற்குக் கீழே போக மனமில்லை. பாதி எழுத்தாளருக்குப் போன பிறகு எங்கள் மெய்ப்பாளருக்குக் கூலி உயர்த்த வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டி டீச்சருக்கு மட்டும் கடிதத்துக்கு முன்பே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாசவாரியாக் கணக்கை அனுப்புங்க தம்பி, நான் ஒருதடவை கூட்டிப் பாத்துக்கிடுதேன்" என்றார். அனுப்பினேன். இரண்டு இடத்தில் என் கூட்டல் தவறு என்று பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்பினார். ஒன்றில் நான் குறைத்துப் போட்டிருந்தேன், மற்றொன்றில் கூட்டிப் போட்டிருந்தேன். இரண்டையும் திருத்திப் பணம் அனுப்பினேன்.

மற்றவர்கள் கணக்கு இன்னும் முடியவில்லை. பக்கக் கணக்கில் வந்த பணம் எல்லாப் புத்தகங்களுக்கும் சேர்த்து ஒரே தொகையாக வங்கியில் விழுந்திருக்கிறது. அதை நூல்வாரியாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2019 வரை வந்திருக்கிறது. இறந்துபோன எழுத்தாளர்கள் மூவரின் நூல்களும் அதில் உண்டு. அவர்கள் பதிப்புரிமை இறப்புக்குப் பின் அறுபது ஆண்டுகள் வாரிசுகளுக்கு உரியது. இரண்டு குடும்பங்களின் முகவரி கிடைத்துவிட்டது. மூன்றாமவருக்கு ஊரில் யாரும் இல்லை. மகள் மலேசியாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.